அப்பா கோபத்தில் இல்லை, இடப்பக்கம்தான் அவருக்கு எட்டவில்லை

கேள்வி: டொக்டர், என் அப்பாவுக்கு 64 வயது. நாலு மாதத்துக்கு முதல் பாரிசவாதம் வந்தது. மூளையின் வலப்பக்கத்தில் இரத்தம் அடைபட்டிருப்பதாக ஸ்கானில் சொன்னார்கள். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார், பேச்சும் தெளிவு. ஆனால் கோப்பையில் வலப்பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இண்டைக்கு மீன் இல்லையோ?" என்று அம்மாவைக் கேட்கிறார். மீன் இடப்பக்கத்தில் அப்படியே இருக்கிறது. முகம் வழித்தால் வலக்கன்னம் மட்டும். இடக்காலில் செருப்பில்லாமல் படியிறங்கிப் போகிறார். தம்பி இடப்பக்கக் கதிரையில் இருந்து கதைத்தால் பதிலே இல்லை. காணி விஷயத்தில் இருவருக்கும் முன்பே மனஸ்தாபம் இருந்ததால், அப்பா வீம்புக்குச் செய்கிறார் என்று தம்பி வீட்டுக்கு வருவதைக் குறைத்துவிட்டான். கண் கிளினிக்கில் கண்ணில் பிழையில்லை என்கிறார்கள். அப்பாவோ தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி மோட்டார் சைக்கிள் திறப்பைக் கேட்கிறார். இது கண்ணா, மனமா, பிடிவாதமா?
— ஒரு மகள், உப்புவெளி, திருகோணமலை

அன்பின் சகோதரிக்கு,

காணிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று முதலில் தம்பிக்குச் சொல்லுங்கள். அப்பா அவனோடு கோபித்துக்கொண்டு வாய்மூடி இருக்கவில்லை. அவன் இருக்கும் பக்கம் அப்பாவின் கவனத்துக்குள் வருவதில்லை. நாளைக்கே அவனை அப்பாவின் வலப்பக்கத்தில் இருந்து கதைக்கச் சொல்லிப் பாருங்கள். பதில் வந்துவிட்டால், நான் கீழே எழுதியிருப்பதை அவனுக்கும் அம்மாவுக்கும் விளங்கப்படுத்துவது இலகு.

அப்பாவை நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதிய மீன், கன்னம், செருப்பு, தம்பி எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. வலப்பக்க மூளையில் பாரிசவாதம் வந்த பலரிடம் நாங்கள் பார்க்கும் இடப்பக்கப் புறக்கணிப்பு இது. வாட்டில் 'நெக்லெக்ட்' என்று சொல்வார்கள். பைத்தியம் இல்லை, பிடிவாதமும் இல்லை. செய்வினை என்று யாராவது சொல்லியிருந்தால், ஸ்கான் படத்திலேயே காரணம் தெரிகிறது என்று சொல்லி அந்தக் கதையை முடித்துவிடுங்கள்.

கண் கிளினிக்கில் சொன்னதும் சரிதான். கண் படத்தை எடுக்கிறது, அந்தப் படம் பின்மண்டைக்குள் இருக்கும் பார்வைப் பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. சிலருக்கு பாரிசவாதத்தில் அந்தப் பகுதியே பழுதாகி இடப்பக்கப் பார்வை போவதுண்டு. அவர்களில் பலர், "இந்தப் பக்கம் எனக்குத் தெரியவில்லை" என்று தாங்களே உணர்ந்து, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகிவிடுவார்கள். உங்கள் அப்பா திருப்புவதே இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே தேட வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு எழுவதில்லை. இரண்டு கோளாறும் ஒன்றாக வரவும் கூடும் என்பதால், கண்ணின் நலத்தோடு பார்வைப் பரப்பையும், அதாவது நேரே பார்த்தபடி இருபக்கமும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதையும் சோதித்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். அப்பாவுக்கு நேர் எதிரே இருந்து, உங்கள் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். கைகளை இரண்டு பக்கமும் விரித்து, ஒரு முறை அவருடைய இடப்பக்கத்து விரலை மட்டும் அசையுங்கள், ஒரு முறை வலப்பக்கத்து விரலை மட்டும், பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில். தனித்தனியாக அசைத்தபோது இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டு, ஒன்றாக அசைத்தபோது வலதை மட்டும் சொன்னாரென்றால் பார்வை வேலை செய்கிறது. போட்டி என்று வந்ததும் இடம் தோற்றுப்போகிறது, அவ்வளவுதான். ஒரு தாளில் நீளமாகக் கோடு கீறி, நடுவில் புள்ளி வைக்கச் சொல்லியும் பாருங்கள். புள்ளி வலப்பக்கம் தள்ளி விழும். மணிக்கூடு கீறச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலப்பாதிக்குள் நெருக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாள்களில் திகதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

இந்தப் போட்டியை நடத்துவது மூளையின் பரைட்டல் மடல். காதுக்கு மேலே, சற்றுப் பின்னால், உச்சி வரைக்கும் போகும் பகுதி. கண், காது, தோல், மூட்டு என்று எல்லா வழியாலும் வரும் செய்திகள் இங்கே சந்திக்கின்றன. என்னைச் சுற்றி எது எங்கே இருக்கிறது, இந்தக் கணத்தில் எதற்கு முதலிடம் என்று ஒரு கணக்கு இங்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. 1981இல் அமெரிக்காவில் குரங்குகளில் செய்த ஒரு சோதனை இதை நன்றாகக் காட்டியது. புஷ்னல், கோல்ட்பேர்க், ரொபின்சன் என்ற மூவர் செய்தது. குரங்கு ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சம் மங்குவதைக் கவனித்து, கண்ணைத் திருப்பாமலே, பிடித்திருக்கும் கம்பியை விடவேண்டும். அப்படிக் கவனிக்கும்போது பரைட்டல் மடலின் கலங்கள் கூடுதலாகத் துடித்தன. வெளிச்சமும் அதேதான், கண் இருந்த இடமும் அதேதான். மாறியது கவனம் மட்டும்.

கவனம் இரண்டு வழியில் திரும்பும். பஸ் நிலையத்தில் மூதூர் பஸ்ஸைத் தேடுகிறீர்கள் என்றால், தேடுவது நீங்கள். பின்னால் ஓட்டோ ஹோர்ன் அடிக்க உங்களையறியாமல் திரும்புவது இன்னொன்று. கோர்பெட்டா, ஷுல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் இந்த இரண்டுக்கும் மூளையில் இரண்டு வலையமைப்புகள் இருப்பதாக எழுதினார்கள். தேடும் வலை பரைட்டல் மடலின் மேற்பகுதியையும் நெற்றிப் பக்க மூளையையும் இணைத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. திடுக்கென்று திருப்பும் வலை பரைட்டல் மடல் கீழே காதுப்பக்க மடலோடு சேரும் இடத்தை மையமாகக் கொண்டது, பெரும்பாலும் வலப்பக்கத்து மூளையைச் சார்ந்தது. பாரிசவாதம் வழக்கமாக அடைக்கும் நடு மூளை நாடியின் கிளைகள் இரத்தம் கொடுக்கும் இடமும் அதுவே.

வலமூளை கெட்டால் இடப்பக்கம் போகிறது என்றால், இடமூளை கெட்டவர்களுக்கு வலப்பக்கம் போகவேண்டுமே? போவதுண்டு. ஆனால் அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை, நீடிப்பதும் குறைவு. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், வலமூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது, இடமூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது என்பது. இடமூளை பழுதானால் வலது ஓரளவு ஈடுகொடுக்கும். வலது பழுதானால் இடப்பக்கத்துக்கு ஆள் இல்லை. (இடமூளைக்காரர் கணக்கில் கெட்டி, வலமூளைக்காரர் கலைஞர் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இனிமேல்தான். 1984இல் பொஸ்னர் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் பரைட்டல் மடலில் பாதிப்புள்ளவர்களைச் சோதித்தார்கள். இடப்பக்கம் வரப்போகிறது என்று முன்கூட்டிச் சைகை காட்டினால், அவர்கள் இடப்பக்கத்தை ஓரளவு கவனித்தார்கள். ஆனால் கவனத்தை முதலில் வலப்பக்கத்துக்கு இழுத்துவிட்டு, பிறகு இடப்பக்கத்தில் ஒன்றைக் காட்டியபோது வெகுநேரம் தாமதித்தார்கள், சில வேளை தவறவிட்டார்கள். வலப்பக்கத்தில் ஒட்டிக்கொண்ட கவனத்தைக் கழற்றி எடுப்பதுதான் அவர்களுக்குக் கடினம். 1988இல் வேறொரு குழு, தாள் நிறையக் கோடுகள் போட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் அடையாளம் இடச் சொன்னது. வழக்கம் போல இடப்பக்கக் கோடுகள் மிஞ்சின. அடையாளம் இடாமல் ஒவ்வொரு கோட்டையும் அழித்துக்கொண்டே போகச் சொன்னபோது, வலப்பக்கம் வெறுமையாக வெறுமையாக இடப்பக்கம் கூடுதலாகக் கண்ணில் பட்டது.

ஆகவே "இடப்பக்கம் பாருங்கோ, பாருங்கோ" என்று அம்மா நாள் முழுவதும் சொல்லிப் பலன் குறைவு. வலப்பக்கத்தைக் குறையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வலப்பக்கத்தில் ரீவி ஓடக்கூடாது, றோட்டைப் பார்த்த யன்னலும் அந்தப் பக்கம் வேண்டாம். கோப்பைக்கு வலப்பக்கம் தண்ணீர்க் குவளை தவிர வேறொன்றும் வைக்காதீர்கள். எங்கள் வீடுகளில் சோற்றைச் சுற்றிப் பருப்பு, சம்பல், மீன், கீரை என்று வட்டமாக வைப்போம். அப்பாவுக்கு அந்த வட்டத்தில் பாதி இல்லை. சொதியை ஊற்றியதும் இன்னும் குழப்பம். கொஞ்ச நாளைக்கு ஒரு கறி, ஒரு சோறு என்று வையுங்கள். கோப்பையின் இட ஓரத்தில் கடும் சிவப்பில் ஒரு பட்டி ஒட்டிவிட்டு, "சிவப்பு தெரியும் மட்டும் தேடுங்கோ" என்று பழக்குங்கள். கோப்பையை நீங்கள் திருப்பிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு முடியும், ஆனால் அவர் ஒன்றும் பழகமாட்டார். திருப்புவதற்கு முன் ஒரு நிமிடமாவது அவரே தேடட்டும்.

வாசிப்புக்கும் இதே சிவப்புக் கோடு உதவும். பத்திரிகையின் இட ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு கீறி, ஒவ்வொரு வரியையும் அந்தக் கோட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இது 1970களில் நியூயோர்க்கில் முறைப்படி பயிற்றுவித்த வழி, இன்றைக்கும் கைவிடப்படவில்லை. கோடு இல்லாமல் வாசித்தால் சொல்லின் முன்பாதி கழன்றுவிடும். 'திருகோணமலை' அவருக்குக் 'கோணமலை' ஆகலாம். பேரப்பிள்ளைகள் சிரித்தால் அதட்டிவையுங்கள்.

கட்டிலை எந்தப் பக்கமாகப் போடுவது என்பதில் வீடுகளில் சண்டை வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர், எல்லாவற்றையும் இடப்பக்கம் வைத்தால்தான் பழகுவார் என்பார். மற்றவர், ஐயோ பாவம், எல்லாம் வலப்பக்கம் இருக்கட்டும் என்பார். உயிருக்கும் அவசரத்துக்கும் வேண்டியவை வலப்பக்கம் என்பது என் முடிவு. தண்ணீர், கைபேசி, இரவு லைட் சுவிச்சு, கூப்பிடுகிற மணி எல்லாம் அங்கே இருக்கட்டும். ஆசைக்கு வேண்டியவை இடப்பக்கம். வானொலி, பத்திரிகை, பேரப்பிள்ளையின் படம், அவருக்குப் பிடித்த மனிதர்கள். தம்பியும் அங்கேதான். ஆனால் வந்ததும் இடப்பக்கத்தில் போய் இருந்துவிடக் கூடாது. முன்னால் நின்று, "அப்பா" என்று கூப்பிட்டு, அவர் கண் தன் மேல் விழுந்த பிறகு, கதைத்துக்கொண்டே மெதுவாக இடப்பக்கம் நகரவேண்டும். கண் கூடவே வரும். வழியில் நழுவினால் மறுபடி நடுவுக்கு வந்து தொடங்கவேண்டும்.

பேர் சொல்லிக் கூப்பிடுவதோ ஒருமுறை கை தட்டுவதோ சும்மா சடங்கு இல்லை. 1998இல் வந்த ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ஓர் எச்சரிக்கை ஒலி கேட்டதும், இடப்பக்கத்தை உணர்வதில் இருந்த பின்னடைவு சற்று நேரத்துக்கு மறைந்தது. விழிப்பு ஏறினால் இடப்பக்கம் திறக்கிறது, விழிப்பு இறங்கினால் மூடுகிறது. பயிற்சியைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயில் புழுக்கத்தில், சாப்பிட்டுக் களைத்திருக்கும் மனிதரிடம் செய்யச் சொல்லிவிட்டு, "நேற்றுச் செய்தாரே, இன்றைக்கு நடிக்கிறார்" என்று சொல்லாதீர்கள்.

நீங்கள் இருக்கும் ஊரில் இன்னொரு நல்ல பயிற்சி கிடைக்கும். 1978இல் இத்தாலியில் பிசியாக், லுசாத்தி என்ற இருவர், மிலான் நகரத்து நோயாளிகளிடம் அந்த நகரின் பெரிய தேவாலயச் சதுக்கத்தை மனதில் நினைக்கச் சொன்னார்கள். தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். தேவாலய வாசலில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்ட கட்டடங்கள் எல்லாம் வந்தன, முன்பு சொன்னவை காணாமல் போயின. கண்ணால் எதையும் பார்க்காமல், நினைவை மட்டும் வைத்து நடந்த சோதனை இது. நினைவுக்குள்ளும் இடப்பக்கம் விடுபடுகிறது, ஆனால் அழியவில்லை.

அப்பாவோடு இதையே கதையாகச் செய்யுங்கள். பிரட்றிக் கோட்டை வாசலில் நின்று கோணேசர் கோயிலுக்கு ஏறிப்போவதாக நினைக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். டச்சுபே கடல் பக்கத்தைச் சொல்வார், உப்புவெளிப் பக்கம் நீளும் கடலை விட்டுவிடுவார். அதே வழியால் இறங்கி வருவதாகக் கேட்டால் மாறி வரும். இரண்டையும் அவர் முன்னிலையில் எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். "உங்களுக்கு ஒரு பக்கம் தெரியவில்லை" என்று நூறு முறை சொல்வதைவிட, அவருடைய வாயால் வந்த இரண்டு பட்டியல் அவரை யோசிக்க வைக்கும்.

அப்பா தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்வது பொய்யும் இல்லை, வீம்பும் இல்லை. தன் குறையை அறியாத இந்த நிலைக்கு 1914இலேயே பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு வைத்தியர் பெயர் வைத்துவிட்டார். இல்லாத ஒன்று இல்லை என்று தெரிவதற்கும் மூளையில் ஓர் இடம் வேலை செய்யவேண்டும். அதனால் வாதாடாதீர்கள். காட்டுங்கள்.

நடை கொஞ்சம் உறுதியானதும், கூட்டம் இல்லாத காலை நேரத்தில் கோட்டைக்குள் உண்மையாகவே கூட்டிப் போங்கள். மான்கள் வழியோரம் நிற்கும். இடப்பக்கம் எத்தனை மான் என்று எண்ணச் சொல்லுங்கள். நடக்கும்போது தன்னைத் துறைமுக வாயிலில் நிற்கும் வெளிச்சவீடாக நினைத்து, அதன் ஒளி சுற்றுவது போல் தலையை இடப்பக்கம் கடைசிவரை கொண்டுபோய்த் திரும்பி வரச் சொல்லுங்கள். என் கற்பனை இல்லை, 1990களிலிருந்து பாரிசவாதப் பயிற்சியில் இந்த உத்தி இருக்கிறது. நீங்கள் அவருடைய இடப்பக்கத்தில் நடவுங்கள். மோதுவதும் தடக்குவதும் அந்தப் பக்கம்தான். பிடிக்கும்போது இடக்கையைப் பிடித்து இழுக்கவேண்டாம், தளர்ந்த தோள்மூட்டு கழன்றுவிடும். அந்தக் கையைத் தானே அசைக்க முடிந்தால், எதையும் தேடுவதற்கு முன் அதன் விரல்களை நாலைந்து தரம் மடக்கி நீட்டச் சொல்லுங்கள். இடக்கை அசைந்தால் சிலருக்கு இடப்பக்கக் கவனமும் சேர்ந்து எழும்புகிறது.

இடக்கையும் இடக்காலும் அவருக்குச் சொந்தமில்லாதவை போலக் கிடக்கும் என்பதால், அவற்றுக்குக் காவல் நீங்கள்தான். குசினியில் அடுப்புக்கு இடப்பக்கம் காட்டி நிற்க விடாதீர்கள். செருப்பில்லாத காலில் கல்லோ ஆணியோ ஏறினாலும் சொல்லமாட்டார். சீனி வருத்தமும் இருந்தால் ஒவ்வொரு இரவும் இடப்பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுக்க விடவேண்டும்.

குணமாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாக முன்னேறுவார்கள். அதற்குப் பிறகும் முன்னேறுகிறார்கள், மெதுவாக. சிலருக்கு ஒரு பகுதி தங்கிவிடும். இதற்கென்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இல்லை. மூளை டொனிக் என்று விற்பதற்குக் காசைக் கொட்டாமல், அந்தக் காசில் பயிற்சிக்கு ஓட்டோ பிடித்து வாருங்கள். பார்வையை வலப்பக்கம் நகர்த்திக் காட்டும் பிரிசம் கண்ணாடியைப் போட்டுப் பயிற்சி கொடுக்கும் முறை ஒன்று 1998இல் பிரான்சில் வந்தது. கண்ணாடியைக் கழற்றிய பிறகு கை இடப்பக்கம் நகர்ந்து சுட்டும், சிலருக்குக் கவனமும் கூடவே நகர்கிறது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. பழகியவர் மேற்பார்வையில் செய்யவேண்டியது, கடையில் வாங்கிப் போட்டுவிடுவதில்லை. பிரஷர் மாத்திரையையும், இரத்தம் உறையாமல் கொடுத்த மாத்திரையையும் பயிற்சியின் பேரில் விட்டுவிடவேண்டாம்.

மோட்டார் சைக்கிள் திறப்பைக் கொடுக்கவேண்டாம். இதில் நான் பேரம் பேசமாட்டேன். நம் நாட்டில் இடப்பக்கமாக ஓடுகிறோம். அவருடைய இடப்பக்கத்தில்தான் பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிள், நடந்து போகிறவர், மாடு, நிறுத்திய ஓட்டோ எல்லாம். அவருக்கு அந்த ஓரம் வெறுமை. நடந்து றோட்டைக் கடக்கும்போதும் முதற்பாதியில் தப்பிவிடுவார், ஏனென்றால் முதலில் வாகனம் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. நடுவைத் தாண்டியதும் வருவது இடப்பக்கத்திலிருந்து. அங்கே அவர் தனியாக நிற்கக்கூடாது. திறப்பை ஒளித்துவைத்துப் பொய் சொல்வதைவிட, "அடுத்த கிளினிக்கில் டொக்டர் சோதித்துச் சொல்லட்டும்" என்று தள்ளிவிடுங்கள். குற்றம் வைத்தியர் தலையில் விழட்டும், பழகிய தலைதான்.

கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கோட்டுத்தாளையும் மணிக்கூட்டுத்தாளையும் கொண்டுபோய்க் காட்டி, தொழில்வழிச் சிகிச்சைப் பகுதிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பிசியோதெரபி நடையைப் பார்த்துக்கொள்ளும். கோப்பை, சவரம், சேர்ட்டின் இடக்கை இவற்றைப் பார்ப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். கண்ணில் பிழையில்லை என்று எழுதிய அட்டையும் கையோடு இருக்கட்டும். அதற்கிடையில் புதிதாக முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, இன்னொரு கை சோர்ந்தாலோ கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.